முதுகில் ஒரு காலி இடம்

திருச்சியில் டாக்டர் அன்புச்செல்வனின் பெயரைப் படிக்காமல் ஒரு நாளைக் கழிக்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். பஸ் நிழற்குடையில் நின்றால் தலைக்கு மேல் அவர் பெயர். பூங்கா பெஞ்சில் சாய்ந்தால் முதுகுக்குக் கீழே அவர் பெயர். கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று ஆரம்பித்து அவருடைய பட்டங்களையெல்லாம் எழுதி முடித்த பிறகு வெளிச்சம் வெளியே வரக் கொஞ்சம் இடம் மிஞ்சினால், அது சாமியின் அதிர்ஷ்டம். சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் அவர் விடவில்லை. கொள்ளி வைத்துவிட்டுக் குளிக்க வருகிறவர்கள் துக்கத்தில் கவனிக்காமல் போய்விடக் கூடாதென்று அங்கே மட்டும் எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கும்.

அவர் வைத்தியம் படித்த டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்த டாக்டரும் இல்லை. வரைபடத்தில் தேடினால் அகப்படாத ஒரு தீவின் பல்கலைக்கழகம், அவருடைய சமுதாயத் தொண்டைக் கேள்விப்பட்டு, சென்னையில் ஒரு ஹோட்டலுக்கு வரவழைத்துக் கறுப்பு அங்கி மாட்டிவிட்டது. தொழில், பாத்ரூம் சாமான். தில்லை நகரில் மூன்று மாடி ஷோரூம். அதை ஒட்டினாற்போல் ஏசி மண்டபம்.

அவர் பெயரை ஊரார் படித்தார்கள். இருசம்மாள் அச்சடித்தாள்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் அவளும் அவள் அம்மா மணிமேகலையும் பனியன் பிரிண்டிங் நடத்தினார்கள். திருப்பூரிலிருந்து வெற்று பனியன் வரும். இவர்கள் ஸ்க்ரீனை வைத்து, மையை இழுத்து, காயப்போட்டு, மடித்துக் கொடுப்பார்கள். சுற்றுவட்டாரத்துத் திருவிழா, ஜல்லிக்கட்டு, கபடி எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் பனியன். அதற்கு ஒரு முறை உண்டு. அது மாறவே மாறாது. முன்பக்கம், நெஞ்சின் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்குச் சாமி. பின்பக்கம், முதுகு முழுக்க, உபயதாரர். கைகூப்பிக்கொண்டோ, காதில் செல்போனை வைத்தபடி எதிரே நடந்து வருவதுபோலவோ ஒரு படம். கீழே பெயர், பட்டம், கடை, போன் நம்பர். தேர் இழுக்கிறவன் முதுகு வேர்க்க வேர்க்க, படத்தில் இருப்பவரும் சேர்ந்து வேர்ப்பார். அந்தத் தேருக்கு அவருடைய உழைப்பு அவ்வளவுதான்.

வந்த ஆர்டரில் பாதி டாக்டர் அன்புச்செல்வன். அவருடைய மீசையின் ஒவ்வொரு முடியும் மணிமேகலைக்கு மனப்பாடம். கட்டிய புருஷன் முகம்கூட இவ்வளவு தெளிவாக ஞாபகமில்லை என்று அவள் சொல்வதுண்டு. அந்தப் புருஷன் வீட்டை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது என்பதால் அதில் பொய் இருக்க நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருசம்மாள் வேறு ஆள். ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரைப் பக்கம் ஒரு காலித் திடலில் பையன்களும் பெண்களும் வட்டமாக நிற்பார்கள். நடுவில் ஒரு ஸ்பீக்கர் துடிக்கும். ஆளுக்கு நாலு வரி ராப். சிலருக்குக் கால், சிலருக்கு வாய். பாலக்கரையில் தன் அத்தாவின் தையல் கடையில் வாரம் முழுக்கப் பேண்ட் வெட்டுகிற ஹபீபுல்லா, அங்கே வந்து தலையைத் தரையில் ஊன்றிப் பம்பரமாகச் சுற்றுவான். இருசம்மாளுக்கு அந்த வட்டத்தில் பெயர் இருசு. வண்டிக்கு அச்சாகிய இருசு எப்படியோ எங்களுக்கு இவள் அப்படி என்று ஹபீபுல்லா விளக்கம் சொல்வான். நல்ல பெயரைப் பாதியில் வெட்டியதற்கு அது ஒரு சமாதானம்.

போன ஆடியில் லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஆர்டர் வந்தது. உபயம் யார் என்பதில் இரண்டு சம்பந்திகளுக்குள் தகராறு. முடிவு தெரியும்வரை மாதிரிக்கு ஒன்று அடிக்கச் சொன்னார்கள். 'உபயம்' என்று போட்டு, பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிக்கோடு அடித்தாள் இருசம்மாள். சம்பந்திகள் சண்டையை முடிக்கவேயில்லை. மாதிரி பனியன் வீணாகக் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். வட்டத்தில் எல்லாருக்கும் அவள் பாட்டைவிட அவள் முதுகு பிடித்துப்போயிற்று. அவளுக்குத் தெரியாமல் ஹபீபுல்லா ஒரு மார்க்கர் பேனாவால் அந்தப் புள்ளிக்கோட்டில் 'நானே' என்று எழுதிவிட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பின்னால் இருந்தவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வந்து கழற்றிய பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று.

அன்றைக்குப் பிறந்தது 'முதுகு'. அதுதான் பிராண்டின் பெயர். தோளில் சரிந்து நிற்கிற தொளதொளச் சட்டை, கனமான பருத்தித் துணி, வெட்டு ஹபீபுல்லாவுடையது. முன்னால் ஒன்றுமே கிடையாது. பின்னால் 'உபயம்' என்ற சொல்லும் ஒரு புள்ளிக்கோடும். வாங்குகிறவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம், பட்டினி கிடந்து படிக்கவைத்த அக்காவின் பெயரை எழுதலாம், காலியாகவும் விடலாம். சட்டம் ஒன்றே ஒன்று. காசு கொடுத்தேன் என்பதற்காக எவன் பெயரும் அந்த இடத்தில் ஏறக் கூடாது. இருசம்மாள் அதைச் சத்தியம்போலச் சொன்னாள். இத்தனை வருஷம் ஊரார் முதுகில் யார் யாரையோ ஏற்றிவிட்ட கை அவளுடையது. அதை இதோடு நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு வெறி. ஞாயிறுகளிலும் வேலை செய்து முதல் சரக்கைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டார்கள். வெளியிட ஓர் இடம்தான் இல்லை.

இடத்தோடு வந்தவன் மாதவன்.

மாதவன் ஸ்ரீரங்கத்துப் பையன். பெங்களூரில் சில வருஷம் இருந்துவிட்டு அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அபார்ட்மெண்டுக்குத் திரும்பியிருந்தான். தன்னைக் கல்ச்சர் கியூரேட்டர் என்று சொல்லிக்கொள்வான். வேலை என்னவென்று அவன் அப்பாவுக்கும் பிடிபடவில்லை. பேச்சுக்குப் பேச்சு 'ஸ்ட்ரீட்' என்பான். தெருவில் இறங்கினால் டஸ்ட் அலர்ஜி. வீட்டுக்குக் கூப்பிட்டு, பாட்டிலில் அடைத்த ஆறின காபியை ஐஸ் போட்டுக் கொடுத்தான். ஸ்ரீரங்கத்தில் விருந்தாளிக்கு ஆறின காபியைத் தெரிந்தே கொடுத்த முதல் வீடு அதுவாகத்தான் இருக்கும்.

'முதுகு' என்ற பெயர் வடக்கே எடுபடாது, எம்.டி.ஜி. என்று வைக்கலாம் என்பது அவன் யோசனை.

"ஏன், அவங்களுக்கு முதுகு இல்லையா?" என்றாள் இருசம்மாள்.

மாதவன் அதையும் போனில் குறித்துக்கொண்டான். பிரமாதமான கேப்ஷன் என்றான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். டாக்டர் அன்புச்செல்வன் இளம் தொழில்முனைவோருக்குக் கைகொடுக்க ஓர் அமைப்பு தொடங்கியிருக்கிறார். மண்டபத்தை இலவசமாகத் தருவார். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதிப் பக்கம் அவருடைய கட்டடத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது. அதையும் ஒரு வருஷத்துக்கு வாடகையில்லாமல் தருவார். நிபந்தனை ஒன்றுமே கிடையாது.

அந்தப் பெயரைக் கேட்டதும் இருசம்மாள் எழுந்துவிட்டாள். ஹபீபுல்லா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். அவனுக்கு அத்தாவின் வாய்க்குப் பதில் சொல்ல ஒரு கடை வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த தெருவில், ஷட்டர் போட்ட கடை. ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவோமே என்றான்.

பார்க்கப் போனது ஷோரூமின் மாடிக்கு. சுற்றிலும் வாஷ்பேசின், ஷவர், விலைச்சீட்டு தொங்கும் டாய்லெட்டுகள். நாற்காலி பற்றாமல் மாதவன் ஒரு டாய்லெட்டின் மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஹிப் ஹாப் எப்படி ஒதுக்கப்பட்டவர்களின் குரலாகப் பிறந்தது என்று டாக்டருக்கு எடுத்துச் சொன்னான். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் அவரே, காதில் போனோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

இருசம்மாள் சட்டையை எடுத்து மேஜைமேல் குப்புறப் போட்டாள். டாக்டர் கண்ணாடியை மாட்டி 'உபயம்' என்று வாய்விட்டுப் படித்தார். அதற்குக் கீழிருந்த புள்ளிக்கோட்டை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். கண் கலங்கிவிட்டது.

"வெட்கமா இருக்கும்மா. இந்த வயசுல உங்களுக்கு இவ்வளவு பண்பான்னு நெனைக்கறப்ப, எனக்கு வெட்கமா இருக்கு."

இருசம்மாள் தடுமாறிப்போனாள். கோபப்படுவார், வாதாடுவார் என்று அதற்கான பதில்களோடு வந்திருந்தாள். சட்டை குத்த வேண்டிய இடத்தில் குத்தி, மனிதர் அதை உணர்ந்து வெட்கப்படுகிறார் என்றால் அதற்குமேல் என்ன பேசுவது? இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, இதுல உங்க பேரு எங்கயும் வராது. அது ஒண்ணுதான் எங்க கண்டிஷன்."

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு எதுக்கும்மா பேரு? நான் எங்கயாவது பேரு கேட்டிருக்கனா?"

கேட்டதில்லைதான். கேட்க நேர்ந்ததே இல்லை.

திரும்பும் வழியில், மனுஷன் திருந்திவிட்டார் என்று ஹபீபுல்லா சத்தியம் பண்ணினான். கொட்டகையில் மணிமேகலை மட்டும் மையைக் கலக்கியபடியே கேட்டுவிட்டு, அந்த மீசையை எனக்குத் தெரியும் என்றாள். டேக் கட்டி மடிப்பு எடுக்க வேண்டுமென்று, விழாவுக்குச் சில நாள் முன்பே மாதவன் ஒரு வேன் அனுப்பிப் பெட்டிகளை மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

விழா காலையில். ராகு காலம் பார்த்து வைத்த நேரம். ஹிப் ஹாப்புக்கு ராகு காலம் உண்டா என்று ஹபீபுல்லா கேட்டான். மண்டபத்துக்கு உண்டு என்றான் மாதவன். வாசலில் டாக்டர் அன்புச்செல்வன் ஆளுயரத்துக்கும் மேலாகக் கைகூப்பி நின்றார். ஃபிளெக்ஸில்தான். அவர் காலடியில் 'முதுகு' என்று ஒரு சொல், அதற்கும் கீழே, ஆணி அடித்த இடத்தில், இருசம்மாளின் பாதி முகம்.

பட்டுச்சேலை கட்டி வந்த மணிமேகலையை உள்ளே விட்டார்கள். இருசம்மாளையும் விட்டார்கள், மேடையேறுகிறவள் என்று கழுத்தில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. ஹபீபுல்லாவையும் ஸ்ரீரங்கத்து வட்டத்தையும் செக்யூரிட்டி மறித்தார். டீ-ஷர்ட், செருப்பு எதற்கும் அனுமதி இல்லை, ஃபார்மல்ஸ் மட்டும்தான். டீ-ஷர்ட் வெளியீட்டு விழாவுக்கு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தவர்களை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதவனைப் போனில் பிடித்தால், அஞ்சு நிமிஷம் ப்ரோ, அஞ்சு நிமிஷம் என்றான். அவர்கள் எதிர்ப்பக்கத்துக் கரும்பு ஜூஸ் கடை நிழலில் ஒதுங்கினார்கள்.

உள்ளே பொன்னாடை ஆரம்பித்தது. டாக்டர் மற்றவர்களுக்குப் போர்த்தினார். மற்றவர்கள் டாக்டருக்குப் போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்குப் போர்த்தாமல் விட்டால் மரியாதையில்லையே என்று சிலருக்கு இரண்டாவது சுற்று. ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி தெருப் பண்பாட்டைப் பற்றிப் பேசினார். தன் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சொல்லி முடித்துக்கொண்டார். இன்னொருவர் 'ஹிப் ஹாப்' என்பதை ஒவ்வொரு முறையும் 'ஹிப் ஹிப்' என்றார். பழக்கதோஷத்தில் கூட்டம் 'ஹுர்ரே' என்றது. டாக்டர் தன் இளமைக் கஷ்டங்களைச் சொன்னார். எல்லாருக்கும் பசிக்கிற வேளையில் மாதவன் மைக்கைப் பிடித்து, இதோ அந்தத் தருணம் என்று, வெள்ளித்தாள் சுற்றிய முதல் சட்டையை டாக்டர் கையில் கொடுத்தான்.

டாக்டர் தாளைப் பிரித்தார். சட்டையை விரித்துக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார்.

உபயம் என்ற சொல் இருந்தது. புள்ளிக்கோடு இருந்த இடத்தில் டாக்டர் அன்புச்செல்வன் இருந்தார். தொழில் திலகம், கொடைச் சிகரம், போன் நம்பர். கீழே இடுப்புவரை இறங்கி, காதில் செல்போனோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

கை தட்டினார்கள். இருசம்மாள் பக்கத்திலிருந்த பெட்டியைக் கிழித்தாள். அதற்கடியிலிருந்த பெட்டியையும் கிழித்தாள். எல்லாச் சட்டையிலும் அவர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

டாக்டர் மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், இந்தப் பிள்ளைகள் என்னிடம் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. உபயம் என்று எழுதி, கீழே இடம் விட்டு, சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். பெயர் வேண்டாம் என்று அவர்களே சொன்னது எவ்வளவு பெரிய நாகரிகம். அதைப் புரிந்துகொண்டு மீதியை நானே செய்துவிட்டேன். இந்தக் காலத்தில் யாருக்கு இந்த அடக்கம் வரும். அவர் பொய் சொல்லவில்லை என்பது இருசம்மாளுக்குத் தெரிந்தது. உபயம் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு காலி இடம் இருந்தால் அது தன்னுடையதில்லாமல் வேறு யாருடையதாக இருக்க முடியும்? அப்படி ஒரு சந்தேகம் அவருக்கு இந்த ஜென்மத்தில் வந்ததே இல்லை. வேறு பிரஸ்ஸில் கொடுத்து, செலவு பாராமல், நல்ல மையில் அடித்திருந்தார்.

மாதவன் அவள் காதருகில் வந்தான். கடை சாவி டாக்டர் பாக்கெட்டில் இருக்கிறது, இப்போது கொடுக்கப்போகிறார், ரெண்டு வார்த்தை நன்றி மட்டும் சொல் என்றான். சீன் போடாத சிஸ் என்றான். முதல் வரிசையில் டாக்டரின் ஆட்கள் ஏற்கெனவே அந்தச் சட்டையைத் தாங்கள் போட்டிருந்த கோட்டுக்குமேல் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடை, மண்டபம், கொட்டகைக்கு வரும் ஆர்டரில் பாதி, எல்லாம் அந்த மேடையில் ஒரே ஆளாக நின்றன. தலையாட்டினால் போதும். அடுத்த சரக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குரல் அவளுக்குள்ளேயே சொல்லிற்று. ஊரில் எல்லா முதுகும் அப்படித்தான் போயிருக்கும் என்று அதற்கு அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

மைக்கை வாங்கினாள். ஸ்பீக்கர் இல்லை, தாளம் இல்லை. வலது காலால் மேடைப் பலகையைத் தட்டி ஆரம்பித்தாள்.

"முதுகு என்னுது, செவுரு இல்ல;
மூஞ்சி ஒட்ட இது நோட்டீசு போர்டு இல்ல.
சொமந்தது நானு, இழுத்தது என் கையி;
நடுவுல ஒம்பேரு எதுக்கு, சொல்லு ஐயா."

கூட்டம் பாதி வரை கை தட்டிவிட்டு, பிறகு வார்த்தைகள் காதில் ஏறி, நிறுத்திக்கொண்டது. டாக்டர் புன்னகையை மாற்றாமல் மாதவனைப் பார்த்தார். மாதவன் தரையைப் பார்த்தான்.

"சார், எடம் விட்டது உங்களுக்கு இல்ல," என்றாள் இருசம்மாள். "சட்டைய போடறவங்களுக்குன்னுதான் விட்டோம். கடை சாவிய நீங்களே வச்சுக்குங்க."

பெட்டி ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்து இறங்கினாள். மைக்கில் அவள் குரல் கேட்டு, மண்டபத்தின் சமையற்கட்டு வழியாக ஹபீபுல்லாவும் மற்றவர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள்; அந்த வழிக்கு ஃபார்மல்ஸ் தேவைப்படவில்லை. சாம்பார் வாளிகளுக்கு நடுவே பெட்டிகள் வெளியே போயின. ஹபீபுல்லா ஒரு சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்றான். அத்தாவிடம் என்ன சொல்வேன் என்றான்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த மணிமேகலை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அழுதது போதும்டா. ஆட்டோவ நிறுத்து. பட்டைய எடுத்துட்டு வந்துடறேன்."

"வர்ற ஆர்டர் எல்லாம் போயிடும்மா," என்றாள் இருசம்மாள்.

"போவட்டும். அந்த மீசைய அடிச்சு அடிச்சு எனக்குக் கை மரத்துப்போச்சு."

பட்டை என்பது தொழிலில் ஒரு பரிகாரம். பெயர் தப்பாக விழுந்துவிட்டாலோ, உபயதாரர் திருவிழாவுக்கு முந்தின நாள் கட்சி மாறிவிட்டாலோ, அடித்த பனியனை எல்லாம் தூக்கிப் போட முடியாது. எழுத்தே இல்லாத ஒரு நீள்சதுர ஸ்க்ரீனை அதன்மேல் வைத்துக் கறுப்பு மையைக் கெட்டியாக ஓர் இழுப்பு இழுத்தால், அடியில் யார் இருந்தாலும் மறைந்துபோவார். மறைவாகச் செய்கிற வேலை அது. வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் கடைக்கு அவமானம். மணிமேகலை அந்த ஸ்க்ரீனையும் மை டப்பாவையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு தில்லை நகருக்குத் திரும்பி வந்தபோது, நடுத்தெருவில் வைத்து அதைச் செய்யப்போகிறோம் என்பதை அவள் யோசித்திருக்க மாட்டாள். யோசித்திருந்தாலும் வந்திருப்பாள்.

கரும்பு ஜூஸ்காரர் ஒரு பலகை கொடுத்தார். பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகையைப் போட்டு முதல் சட்டையை விரித்தார்கள். மணிமேகலை ஸ்க்ரீனை அழுத்திப் பிடிக்க, இருசம்மாள் மையை இழுத்தாள். ஸ்க்ரீனைத் தூக்கியதும் உபயம் என்ற சொல் மட்டும் மேலே நின்றது. கீழே, முதுகு அகலத்துக்கு, பளபளவென்று ஒரு கறுப்பு.

ஹபீபுல்லா எழுந்து வந்து பார்த்தான்.

"முன்னாடி இருந்தத விட இதுதான் கெத்தா இருக்கு, இருசு," என்றான்.

மண்டபச் சுவரின் கம்பிகளில் மாட்டினார்கள். திருச்சி வெயிலுக்கு மை காயவைக்கிற மெஷின் தோற்றுப்போகும். யாரோ ஸ்பீக்கரைப் போட்டார்கள். ஹபீபுல்லா அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து அதில் சுற்ற ஆரம்பித்தான். கிளினிக்குக்கு வந்தவர்கள், கோச்சிங் கிளாஸ் விட்டு வந்த பிள்ளைகள், வண்டியில் போனவர்கள் நின்றார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சட்டை புரிய அதிக நேரம் ஆகவில்லை. கண்ணெதிரே ஒரு கொடைச் சிகரம் மறைவதைப் பார்க்கிற வாய்ப்பு திருச்சியில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. வரிசை உண்டாயிற்று. மடித்து வைத்ததைக் கொடுத்தால் யாரும் வாங்கவில்லை. எனக்கு முன்னாலேயே அடிங்க, நான் பார்க்கணும் என்றார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்த ஒருவர் சட்டை வாங்கவில்லை. தான் போட்டிருந்த பனியனைக் கழற்றிக் கொடுத்தார். அதன் முதுகில் ஒரு சீட்டுக் கம்பெனி இருந்தது. கம்பெனி ஓடிப்போய்விட்டது, முதுகில் மட்டும் இன்னும் இருக்கிறது, இதையும் மறைச்சுவிடுங்கம்மா என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஓடிப் பழைய திருவிழா பனியன்களைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. நகைக்கடை, மாவட்டச் செயலாளர், மெட்ரிக் பள்ளித் தாளாளர், எல்லாரும் ஒரே கறுப்புக்குள் போனார்கள்.

மாதவன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். டாக்டருக்குக் கோபமே இல்லை என்றான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், கூட்டத்தைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி. ஒரு யோசனை சொல்லியனுப்பியிருக்கிறார். கறுப்பு மை செலவு முழுக்க அவர் ஏற்றுக்கொள்கிறார். அந்தப் பட்டைக்குக் கீழே, ரொம்பச் சின்ன எழுத்தில், வெள்ளையில்—

"பட்டைக்கும் உபயமா?" என்றாள் மணிமேகலை.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மாதவன் மீதியைச் சொல்லாமலே திரும்பினான்.

கூட்டம் ரோட்டுக்கு வழிந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று ஒதுங்கிப் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகளே வழிவிட்டு அனுப்பினார்கள் என்றாலும், அதைப் பார்த்துக்கொண்டு ஒரு போக்குவரத்து ஏட்டு வந்துவிட்டார். அனுமதி வாங்கினீர்களா, யார் நடத்துவது என்று பொதுவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், வழக்கப்படி பேனரைத் தேடினார். பேனர் இல்லை; வாசலிலிருந்த ஃபிளெக்ஸை விழா முடிந்ததும் கழற்றிவிட்டிருந்தார்கள். கம்பியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தார். அவற்றில் உபயம் என்று இருந்தது, யார் என்று இல்லை. அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு நிகழ்ச்சியை அவர் பார்த்ததில்லை. கடைசியில் பெட்டியிலிருந்து, இன்னும் மை படாத ஒரு சட்டையை உருவினார். அதில் எல்லாமே தெளிவாக இருந்தது. பெயர், பட்டம், படம், போன் நம்பர்.

"டாக்டர்தானா இது? கூப்பிடுங்க அவர," என்றார்.

கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்த தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் அன்புச்செல்வன் பொன்னாடையோடு ரோட்டில் நின்றார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சீட் கேட்டிருந்தார். தெருவை மறித்ததாக ஒரு வழக்கு, அதுவும் ஆம்புலன்ஸோடு சேர்ந்து வந்தால், என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க," என்றார்.

"உபயம்னு போட்டிருக்கே சார்."

"அது தப்பா விழுந்திருக்கு. என் பேரு இதுல எங்கயும் வரவே கூடாது."

அந்த வாக்கியத்தை அந்த வாயிலிருந்து கேட்கிற பாக்கியம் வாய்த்ததை நம்ப முடியாமல் வரிசையில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏட்டு சட்டையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மீசை ஒன்றாகத்தான் இருந்தது.

"அப்ப யாருதாங்க இதுக்குப் பொறுப்பு?"

"நான்தான் சார்," என்றாள் இருசம்மாள், கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டு. "பேரு இருசம்மாள். அரியமங்கலம். இந்தச் சட்டை எங்களுது, இந்தக் கூட்டமும் எங்களுது. வழக்குப் போடணும்னா எம் பேர்ல போடுங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து பார்க்கச் சொன்னார். எத்தனை சட்டை பாக்கி இருக்கிறது, எப்போது ரோட்டைக் காலி செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, வண்டிகளை ஒழுங்குபண்ணப் போனார்.

டாக்டர் போகவில்லை. மை படாத சட்டைகள் பெட்டியில் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் பெயரும் போன் நம்பரும் இருந்தன. தன் ஆட்களைக் கூப்பிட்டுப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லிப் பார்த்தார். ஹபீபுல்லா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இது எங்க சரக்கு சார் என்றான். முதல் வரிசைக்காரர்கள் கோட்டுக்குமேல் மாட்டியிருந்த சட்டைகளை அவசரமாகக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நழுவிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அந்தக் குவியலை அணைத்துக்கொண்டு நேராகப் பலகைக்கு வந்தார்.

"இத முதல்ல அடிச்சுக் குடுத்துடும்மா."

"வரிசையில வாங்க சார்," என்றாள் இருசம்மாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரருக்கும் ஒரு கோச்சிங் கிளாஸ் பெண்ணுக்கும் பின்னால் போய் நின்றார். வெயில் உச்சந்தலையில் இறங்கிற்று. பொன்னாடையைத் தலையில் போட்டுக்கொண்டார். முன்னால் நின்றவர்களின் முதுகுகளைப் படித்தபடி, அடி மேல் அடி வைத்து நகர்ந்து வந்தார். அவர் முறை வந்தபோது மணிமேகலை அவர் கையிலிருந்த சட்டையை வாங்கி விரித்து, ஸ்க்ரீனைப் படத்தின்மேல் பொருத்தி வைத்தாள். இருசம்மாள் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு ஸ்க்ரீனைத் தூக்கினாள்.

டாக்டர் அன்புச்செல்வன் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இழும்மா," என்றார். "மீசை தெரியுது."